தோட்டத்துக்கு வரும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள்: எதை ஏற்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் பாடசாலை அதிபருக்கும் இளைஞர் கழகத் தலைவருக்கும் கோயில் பரிபாலன சபைக்கும் அடிக்கடி வரும் கடிதம் இது: "உங்கள் பகுதி இளைஞர் யுவதிகளுக்கு மதுசாரப் பாவனை, பாலியல் வன்முறை தொடர்பான விழிப்புணர்வு நிகழ்ச்சியொன்றை இலவசமாக நடத்தித் தர விரும்புகிறோம்." இலவசம் என்றதும் யாரும் கேள்வி கேட்பதில்லை. திகதி கொடுத்து, மண்டபத்தைக் கூட்டி, கதிரை போட்டுவிடுகிறோம். ஆனால் நூறு பிள்ளைகளின் ஒரு நாள் இலவசமாகக் கிடைப்பதல்ல. பலனில்லாத நிகழ்ச்சி ஒன்று நடந்துவிட்டால், அடுத்து வரும் நல்லதற்கும் "அதெல்லாம் போன வருஷமே செஞ்சாச்சு" என்ற பதில்தான் கிடைக்கும்.

அதனால் தோட்டங்களுக்கு வரும் வகைகளையும், வெளிநாடுகளில் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கப்பட்ட சிலவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். எல்லாவற்றிடமும் கேட்பது ஒரே கேள்வி. முடிந்து ஆறு மாதம் போனபிறகு ஒரு பையன் நடந்துகொள்ளும் விதத்திலோ, ஒரு பெண்பிள்ளை நடந்துபோகும் பாதையிலோ ஏதாவது மாறியிருக்குமா?

ஒருநாள் கருத்தரங்கு

அதிகம் வருவது இதுதான். காலை ஒன்பதுக்குப் பதிவு, மங்கள விளக்கு, வரவேற்புரை, ஒரு வைத்தியர், ஒரு பொலிஸ் அதிகாரி, ஈரல் கருகிய படங்கள், குடியை விட்ட ஒருவரின் வாக்குமூலம், சாப்பாட்டுப் பார்சல், குழுப் படம். எங்கள் மதிப்பீடு: எடுக்க வேண்டாம்.

வருகிறவர்களின் மனம் நல்லதுதான், குறை முறையில் இருக்கிறது. 1983இல் லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் பொலிஸார் வகுப்பறைக்குப் போய்ப் போதைப்பொருள் பற்றிப் பாடம் நடத்தினார்கள். அமெரிக்கா முழுவதும் பரவியது. பிறகு வந்த ஆய்வுகள், அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் பாவனையில் சொல்லத்தக்க வித்தியாசமில்லை என்று காட்டின. போதைப்பொருள் தடுப்புக்காக ஐ.நா. வெளியிட்ட சர்வதேச நியமங்களும் தனி விரிவுரை, பயமுறுத்தும் படம், முன்னாள் பாவனையாளரின் வாக்குமூலம் ஆகியவற்றைப் பலன் தராத பக்கத்தில்தான் வைக்கின்றன. பலன் தந்த பாடசாலைத் திட்டங்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றாகப் பத்து முதல் பதினைந்து அமர்வுகள் கொண்டவை. அவற்றில் பிள்ளைகள் பேசுவார்கள், நடித்துப் பழகுவார்கள்.

இந்தக் கருத்தரங்குகளின் மதிப்பீட்டுப் படிவத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். காலையில் ஒன்று, மாலையில் அதே படிவம் இன்னொன்று. முதல் கேள்வி: "மதுசாரம் உடல்நலத்துக்குக் கேடானது. சரி / பிழை." கசிப்பு (கள்ளச் சாராயம்) விற்கும் வீட்டுக்கு இரண்டு காம்பரா (லயத்து அறை) தள்ளி வளர்ந்த பிள்ளைக்கு இது காலையிலேயே தெரியும். மாலையில் இரண்டு கேள்விக்கு விடை கூடுதலாகச் சரியாக வந்தால் "அறிவு மட்டம் உயர்ந்தது" என்று அறிக்கை போகிறது. கேடு என்று தெரிந்தேதான் குடிக்கிறார்கள், குற்றம் என்று தெரிந்தேதான் பஸ்ஸில் உரசுகிறார்கள். அறிவை அளந்து நடத்தையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

குடியைக் குற்றவாளியாக்கும் நாடகம்

வீதி நாடகம் கருத்தரங்கைவிட நல்லது. சனம் நின்று பார்க்கும், சிரிக்கும், அழும். ஆனால் கதையைக் கவனியுங்கள். அப்பா குடிக்கிறார், அம்மாவை அடிக்கிறார், மகளிடம் ஒருவன் போதையில் தவறாக நடக்கிறான், கடைசியில் எல்லோரும் போத்தலை உடைக்கிறார்கள், குடும்பம் சேர்கிறது. பார்த்துவிட்டுப் போகிறவர் மனதில் தங்குவது, குடிதான் அதைச் செய்தது, அவன் நல்லவன் என்பது. குடியையும் பாலியல் வன்முறையையும் ஒன்றாக எடுக்கும் நிகழ்ச்சிகளில் நாங்கள் காணும் மிக ஆபத்தான பிழை இதுவே.

2013இல் வெளியான ஐ.நா. ஆய்வொன்று ஆசிய பசிபிக்கின் ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நேரடியாகக் கேட்டது. இலங்கையும் அதில் ஒன்று. இங்கே களமாக எடுத்த மாவட்டங்கள் கொழும்பு, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, நுவரெலியா. வல்லுறவில் ஈடுபட்டதாகத் தாங்களே சொன்னவர்களிடம் ஏன் என்று கேட்டபோது, ஆறு நாடுகளையும் சேர்த்து, 73 சதவீதமானோர் தங்களுக்கு அந்த உரிமை இருப்பதாக நினைத்ததைக் காரணமாகச் சொன்னார்கள். 59 சதவீதம் பொழுதுபோக்கு என்றார்கள். 38 சதவீதம் கோபம், தண்டனை என்றார்கள். மதுசாரத்தைச் சொன்னவர்கள் 27 சதவீதம், அதாவது எல்லாவற்றிலும் கடைசி. பாதிக்கு மேற்பட்டோர் முதல் தடவை அதைச் செய்தது பதின்ம வயதில்.

குடிக்குப் பங்கே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. உரிமை உண்டு என்று ஏற்கெனவே நம்புகிறவனுக்குக் குடி துணிச்சலைக் கூட்டுகிறது, பக்கத்தில் நிற்கிறவர்களின் கவனத்தைக் குறைக்கிறது. சிலர் பெண்ணுக்கு வேண்டுமென்றே ஊற்றிக் கொடுக்கிறார்கள். சட்டமும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. தானாகக் குடித்தவனை, குடிக்காமல் இருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அது தெரிந்தவனாகவே எங்கள் தண்டனைச் சட்டக்கோவை எடுத்துக்கொள்கிறது. போதையூட்டிப் பெற்ற சம்மதத்தை அது சம்மதமாக ஏற்பதில்லை. இந்த இரண்டையும் மேடையில் சொல்லாத நாடகம், அடிக்கிறவனுக்கு ஒரு சாக்குப்போக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறது.

நடத்த வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "குடியே இல்லாத பையன் ஒருத்தன் ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளையை உரசினால், உங்கள் நிகழ்ச்சியில் அதற்கு எங்கே இடம்?" பதில் இல்லையென்றால் கதையைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். குடிக்கும் இரண்டு பாத்திரங்களில் ஒருவன் கைநீட்டுகிறான், மற்றவன் நீட்டுவதில்லை என்று வைத்தாலே கதை சரியான திசையில் திரும்பும்.

கிரிக்கெட் பயிற்சியாளர் வழி

ஆண்பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சிபாரிசு செய்வது இது. கலிபோர்னியாவில் 16 உயர்நிலைப் பாடசாலைகளில் சோதிக்கப்பட்ட 'கோச்சிங் போய்ஸ் இன்டு மென்' திட்டத்தில், விளையாட்டுப் பயிற்சியாளர் ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒருமுறை பயிற்சிக்கு முன் பதினைந்து நிமிடம் தன் அணியோடு பேசுகிறார். பெண்களை மதிப்பது, சம்மதம், நண்பன் தவறாக நடந்தால் என்ன செய்வது என்று வாரத்துக்கு ஓர் அட்டை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த அணிகளின் பையன்கள் காதல் உறவில் துன்புறுத்தியதாகச் சொன்னது மற்ற அணிகளைவிடக் குறைவு. மும்பையில் இதைக் கிரிக்கெட்டுக்கு மாற்றி 'பரிவர்தன்' என்ற பெயரில் நடத்தினார்கள். ஆகவே தென்னாசிய மைதானத்துக்கு இது புதிதல்ல.

தோட்டத்தில் மென்பந்து அணிக்கு நிரந்தரப் பயிற்சியாளர் இருப்பது அரிது. அணித் தலைவரையோ, மற்றவர்கள் மதிக்கும் மூத்த வீரர் ஒருவரையோ தெரிவு செய்யுங்கள். இரண்டு நாள் பயிற்சி, அதன்பின் மாதம் ஒருமுறை கூடி என்ன நடந்தது என்று பேசுவது, இந்த அளவாவது தேவை. அட்டைகளை நல்ல பேச்சுத் தமிழில் எழுதுங்கள். முதல் அட்டைக்கு எங்கள் சிபாரிசு, எல்லா மைதானத்திலும் கேட்கும் ஒரு வசவு: "என்னடா பொம்பள மாதிரி போடுற?" அந்த வார்த்தையை இந்தப் பருவம் முழுவதும் யாரும் சொல்வதில்லை என்று அணி முடிவெடுக்கட்டும். மைதானத்தில் உடனே கேட்கும், உடனே திருத்தலாம்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவையே. போட்டி முடிந்ததும் அதே தலைவர் வெற்றிக்குப் போத்தல் திறந்தால் பேசிய அத்தனை வாரமும் வீண். பரிசுத் தொகை குடியில் முடியும் சுற்றுப்போட்டியென்றால், ஏற்பாட்டுக் குழுவோடு முதலில் பேசுங்கள். இன்னொன்று, மைதானத்துக்கு வராத பையன்கள். முச்சக்கர வண்டித் தரிப்பிடத்திலும் கொழும்புக் கடைகளிலும் இருக்கும் இளைஞர்களை இந்த வழி தொடாது.

இட வரைபடம்

செலவு மிகக் குறைந்தது, ஆனால் யாரும் கொண்டுவராதது. நியூயோர்க்கில் 30 நடுநிலைப் பாடசாலைகளில் 'ஷிஃப்டிங் பவுண்டரிஸ்' என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். சில பாடசாலைகளில் வகுப்பறைப் பாடம் மட்டும். சிலவற்றில் பாடமே இல்லாமல், பிள்ளைகள் பயப்படும் இடங்களை அவர்களையே வரையச் சொல்லி, அங்கே ஆசிரியர்களை நிறுத்தி, சுவரொட்டி ஒட்டி, அத்துமீறியவரோடு எழுத்தில் எல்லை வகுத்தார்கள். பாடம் மட்டும் நடந்த இடத்தில் பெரிய பலனில்லை. இடத்தை மாற்றிய பாடசாலைகளில் பாலியல் வன்முறை குறைந்தது.

தோட்டத்தில் செய்யும் முறை இது. ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பெண்பிள்ளைகள், வயது பதின்மூன்று முதல் பத்தொன்பது. பையன்களுக்குத் தனிக் குழு, வேறு நாள். இரண்டு டிமை தாளை ஒட்டி லயங்கள் (வரிசை வீடுகள்), பீலிக்கரை (தண்ணீர் எடுக்கும் இடம்), மலசலகூடம், கொழுந்து மடுவம், கோயில், கடை, பாடசாலைப் பாதை, பஸ் நிற்கும் சந்தி எல்லாவற்றையும் அவர்களே வரையட்டும். பிறகு மூன்று நிற ஸ்டிக்கர்: பயமில்லாத இடத்துக்குப் பச்சை, நேரத்தைப் பொறுத்துப் பயம் வரும் இடத்துக்கு மஞ்சள், தனியாகப் போகவே மாட்டேன் என்பதற்குச் சிவப்பு. மஞ்சளுக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். பீலிக்கரை பகலில் பச்சை, இருட்டிய பிறகு சிவப்பு என்று வரும். மேலதிக வகுப்பு முடிந்து தேயிலை மலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதை, மாலை ஆறு மணிக்கு மூடுபனி இறங்கும் மாதங்களில் மட்டும் சிவப்பாகும். இந்த நுணுக்கம் எந்த விரிவுரையாளருக்கும் தெரியாது.

யார் பெயரும் வரைபடத்தில் வரக்கூடாது. இடம், நேரம், அவ்வளவுதான். பெயர் வந்தால் அன்று இரவே லயத்தில் சண்டை, அடுத்த நாள் அந்தப் பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்துவார்கள்.

வரைந்து சுருட்டி வைத்தால் ஒன்றும் நடக்காது. ஒரு மாதத்துக்குள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடமும் பிரதேச சபையிடமும் தோட்டத் தலைவர்களிடமும் மூன்றே மூன்று வேண்டுகோள் வைக்க வேண்டும்: எந்தக் கம்பத்தில் மின்குமிழ், எந்த மலசலகூடத்துக்கு உட்தாழ்ப்பாள், எந்தப் பஸ்ஸில் எந்த நேரம் ஒரு பெரியவர். பத்துக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. நிர்வாகத்திடமிருந்து வரக்கூடிய ஒரு பதிலை முன்கூட்டியே மறுத்துவிடுங்கள்: "அந்தப் பக்கம் பிள்ளைகளைப் போகவிடாதீங்க." வரைபடம் பிள்ளையின் நடமாட்டத்தைக் குறைப்பதற்காகப் போடப்பட்டதல்ல.

குறுக்கிடப் பழக்கும் பயிற்சி

ஒருவர் எல்லை மீறுவதைப் பார்க்கிறவர்களைக் குறுக்கிடப் பழக்குவது இது. 'கிரீன் டொட்' என்ற திட்டம் இந்த வகையில் நன்றாகச் சோதிக்கப்பட்டது. கென்டக்கியில் 26 உயர்நிலைப் பாடசாலைகள், ஐந்து வருட ஆய்வு. பலன் தெளிவாகத் தெரிந்தது மூன்றாம் வருடத்திலிருந்து. மூன்று மாதத் திட்டத்தோடு வந்து "வன்முறை குறைந்தது" என்று அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

நேரே தடுப்பது, வேறொருவரை அழைப்பது, கவனத்தைத் திருப்புவது என்று மூன்று வழி சொல்லிக் கொடுப்பார்கள். தோட்டத்தில் முதலாவதை முதலில் கற்பிக்காதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் குடித்துவிட்டு ஒரு பெண்ணிடம் எல்லை மீறும் பெரியவர் ஒருவரைப் பதினாறு வயதுப் பையன் தட்டிக் கேட்டால், அது இரண்டு குடும்பச் சண்டையாகும், பிறகு தொழிற்சங்கச் சண்டையாகும். கவனம் திருப்புவதுதான் இங்கே எடுபடும்: "அண்ணே, பூசாரி ஒங்கள அவசரமா கூப்புடுறாரு." அவர் திரும்பும் அந்த நேரத்தில் இன்னொரு பிள்ளை, "அக்கா, அம்மா தேடுது, வாங்க" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். இதை வாயால் சொல்லிக் கொடுத்தால் போதாது. ஒவ்வொருவரும் மூன்று நான்கு தடவை நடித்துப் பழக வேண்டும். யாரை அழைப்பது என்பதற்குத் தோட்டத்தில் இரண்டு பேரின் பெயரை முன்பே முடிவு செய்யுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு மட்டும்

ஒரு மணித்தியாலக் கராத்தே காட்டிவிட்டுப் போகும் நிகழ்ச்சிக்கு நேரம் ஒதுக்க வேண்டாம். கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாம் வருட மாணவிகளோடு நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு மணித்தியாலப் பயிற்சி பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் 5.2 சதவீதம், பெறாதவர்களில் 9.8 சதவீதம். அந்தப் பயிற்சி இருட்டில் பாயும் அந்நியனைப் பற்றியதல்ல. தெரிந்தவன், உறவுக்காரன், நம்பியவன் எல்லை மீறும்போது அதை அடையாளம் காண்பது, தயக்கத்தைத் தாண்டிச் சத்தமாக மறுப்பது, இவைதான் அதில் பெரும்பகுதி. "மச்சான்தானே", "மாமாதானே" என்ற வார்த்தைகள் எவ்வளவை மூடி வைக்கின்றன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒன்று கவனம்: பெண்பிள்ளைகளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து பையன்களை விட்டுவிட்டால், நடந்ததற்கு அவளே பொறுப்பு என்ற பேச்சு பலப்படும்.

குடிக்கு: கேள்விப் படிவமும் கணக்கும்

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 'ஓடிட்' என்ற குடிப்பழக்கப் படிவம் பத்துக் கேள்விகள் கொண்டது, மொத்தம் 40 புள்ளி. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்தான பாவனை என்று எடுப்பார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதைவிடக் குறைந்த புள்ளியிலேயே கவனிக்க வேண்டும். புள்ளியைச் சொல்லி, திட்டாமல், பத்துப் பதினைந்து நிமிடம் தனியாகப் பேசும் சிறு ஆலோசனைக்கு நல்ல சான்று உண்டு. வெளிக்கள வைத்திய நிலையத்திலோ பாடசாலை ஆலோசனை அறையிலோ இதை நடத்தலாம். நாங்கள் ஆதரிக்கிறோம்.

ஆனால் தமிழாக்கப் படிவங்கள் அலகுக் கணக்கில் விழுந்துவிடுகின்றன. ஓர் அலகு என்பது 10 கிராம் தூய மதுசாரம். "எத்தனை பானம்?" என்று கேட்டால் பையன் "ரெண்டு" என்பான். இரண்டு மூடியா, இரண்டு கிளாஸா, இரண்டு காலா? 33.5 சதவீதச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர் கால் போத்தல் ஏறக்குறைய ஐந்து அலகு. அரைப் போத்தல் பத்து. மூன்று பேர் ஒரு முழுப் போத்தலைச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஆறரை அலகு. படிவத்தின் மூன்றாம் கேள்வி கேட்கும் "ஒரே அமர்வில் ஆறு" என்ற எல்லையை மூவருமே தாண்டிவிட்டார்கள், ஆனால் மூவரும் "கொஞ்சம்தான்" என்றே எழுதுவார்கள். 8.8 சதவீத பியர் 500 மில்லிலீற்றர் டின் இரண்டு குடித்தவரும் ஏழு அலகில் நிற்கிறார். ஆகவே கால், அரை, முழு, டின் என்று படம் போட்டு, பங்கு எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். கசிப்பை அலகில் கணக்கிடவே முடியாது, ஒவ்வொரு வடிப்பும் வேறு. அதற்கு நாளும் அளவும் தனியாகக் குறியுங்கள்.

விற்கும் இடத்தைத் தொடாமல் குடிக்கிற பிள்ளையிடம் மட்டும் பேசும் நிகழ்ச்சி பாதி வேலைதான். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்கக்கூடாது. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பக்கத்து மதுபானக் கடையையும் மதுவரித் திணைக்களத்தையும் சந்திப்பார்களா என்று கேளுங்கள்.

வேலை செய்ததா என்று பார்ப்பது

பாலியல் வன்முறையை அந்தப் பெயர் சொல்லிக் கேட்டால் எல்லோரும் "இல்லை" என்பார்கள். செயலைக் கேளுங்கள்: கடந்த 30 நாளில் விருப்பமில்லாமல் யாராவது தொட்டார்களா, பஸ்ஸில் உரசினார்களா, போனில் படம் கேட்டார்களா, படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டினார்களா. பையன்களிடம், நீ செய்தாயா என்று அதே பட்டியல். பெயர் வேண்டாம். தாயின் பெயரின் முதல் எழுத்து, பிறந்த திகதியின் இரண்டு இலக்கம், வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று அவர்களே ஒரு குறியீடு எழுதினால் முன்னதையும் பின்னதையும் சேர்த்துப் பார்க்கலாம். லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து நிரப்பக் கூடாது, அங்கே தனிமை கிடையாது. ஆசிரியரோ தோட்ட உத்தியோகத்தரோ அறைக்குள் இருக்கவும் கூடாது.

மேற்பிரிவில் நிகழ்ச்சி நடத்தினால் கீழ்ப்பிரிவில் அதே வாரம் அதே படிவத்தைக் கொடுங்கள். இது இல்லாமல் மதுசார எண்கள் எல்லாம் பருவத்தின் எண்களே. ஒக்டோபரில் அளந்து டிசம்பரில் அளந்தால் இடையில் தீபாவளி. முற்பணமும் கொழும்பிலிருந்து வந்த நண்பர்களும் சேர்ந்து குடியை ஏற்றி இறக்கிவிடும், அந்த இறக்கத்தை நிகழ்ச்சியின் வெற்றி என்று எழுதிவிடுவார்கள். மூன்றாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அளக்கும்போது யார் காணாமல் போனார்கள் என்று எண்ணுங்கள். கடை வேலைக்குக் கொழும்பு போன பையன்கள் பெரும்பாலும் ஆபத்தில் கூடியவர்கள். அவர்களை விட்டுவிட்டு மிச்சமிருப்பவர்களைக் கூட்டினால் எந்த நிகழ்ச்சியும் நன்றாகத் தெரியும்.

முறைப்பாடு கூடினால் பதறாதீர்கள். நல்ல நிகழ்ச்சிக்குப் பிறகு முதல் மாதங்களில் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். அதைத் தோட்டத்தின் அவமானம் என்று பார்க்கும் தலைவர் இருந்தால், தொடங்குமுன்பே அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

வாய் திறக்கும் பிள்ளை அடுத்து எங்கே போகும்? இதற்கு நடத்துகிறவர்களிடம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். சிறுவர் என்றால் 1929, பெண்கள் என்றால் 1938, காயமோ மருத்துவத் தேவையோ இருந்தால் வைத்தியசாலை, அங்கே இருந்தால் வன்முறைக்கு ஆளானவர்களைக் கவனிக்கும் நட்பு நிலையம். தமிழில் பேசக்கூடிய யார் கூடப் போவார், பஸ் காசு யார் கொடுப்பார், அன்றிரவு பிள்ளை எந்த வீட்டில் தூங்கும் என்பதும் அதே தாளில் வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வரும் குழுவுக்குத் திகதி கொடுக்க வேண்டாம்.